கல்யாணப் பெண்ணுக்கு நல்ல பழம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் முதலில் விசாரிப்பது சர்க்கரை எவ்வளவு என்றுதான். வீட்டில் ஜாம் பாட்டில் இருந்தால் பேரப்பிள்ளைகளுக்கு என்று சொல்லி வைத்திருப்போம். யாரும் பார்க்காத நேரம் விரலை விட்டு நக்குவதும் நாம்தான். எனக்கு அந்த ஆசையும் இல்லை. டாக்டர் சொன்னார் என்பதற்காக அல்ல. கொய்யாப்பழ ஜெல்லியைக் கண்டால் எனக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வரும். ஒரு சட்டி ஜெல்லி இறுகவில்லை என்று என் சின்ன அத்தையின் வாழ்க்கையை எங்கள் ஊர் கவிழ்த்துக் கொட்டியது. கூட்டிச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். வேதக்காரர்கள் ஊர். மழை பெய்தால் கம்பும் கடலையும் விளையும், பெய்யாவிட்டால் ஜெபம் விளையும் என்று அப்பாவே கேலி செய்வார். மாதா கோயிலுக்குப் பின்னால் கோயில் தோட்டம் இருந்தது. தோட்டம் என்றால் முழுக்கக் கொய்யா. அதன் கடைசியில் ஒரு ஓட்டுக் கொட்டகை. எனக்கு நினைவு தெரிவதற்கு முன்பே ஊரை விட்டுப் போய்விட்ட ஒரு வெள்ளைக்கார மதர் அந்தக் கொட்டகையில் ஜெல்லி செய்யக் கற்றுக்கொடுத்திருந்தார். அவர் போன பிறகும் எங்கள் ஊர்ப் பெண்கள் வருடா வருடம் மழைக்காலம் முடியும்போது அடுப்பு மூட்டினார்கள். கிறிஸ்துமஸுக்குத் திருச்சிக் கடைகளுக்குப் போகும். அந்த வருமானத்தில்தான் கோயிலுக்கு வெள்ளையடிப்பதும் மணி கட்டுவதும் நடக்கும். அதனால் ஜெல்லி என்பது எங்களுக்குத் தின்பண்டம் இல்லை. கோயில் காரியம்.

செய்முறை எனக்கு இன்னும் மனப்பாடம். கொய்யாவை நறுக்கி, மூழ்கும் அளவு தண்ணீர் விட்டுக் குழைய வேகவைப்பார்கள். அதைப் பழைய வேட்டித் துணியில் ஊற்றி, மூட்டையாகக் கட்டி, உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். ராத்திரி முழுக்கச் சொட்டும். பிழியக் கூடாது. பிழிந்தால் ஜெல்லி கலங்கிவிடும். ஒரு தடவை நான் ஆசைக்கு அந்த மூட்டையை லேசாக அமுக்கிப் பார்த்து முதுகில் ஒரு அறை வாங்கினேன். மறுநாள் அந்தச் சாற்றோடு சீனியும் எலுமிச்சையும் சேர்த்துக் கிண்டுவார்கள். சாறு முதலில் கழுநீர் நிறத்தில் இருக்கும். கொதிக்கக் கொதிக்கச் சிவந்து, கடைசியில் பூசைத் திராட்சை ரசம் மாதிரி ஆகிவிடும். பாட்டிலில் ஊற்றி, ஆறி இறுகிய பிறகு, பீடத்தில் எரிந்து மிஞ்சிய மெழுகுதிரித் துண்டுகளை உருக்கி மேலே ஒரு மூடி போல ஊற்றுவார்கள். கொய்யா வாசமும் மெழுகு வாசமும் கலந்து வருமே, அதுதான் எனக்குக் கிறிஸ்துமஸ் வாசம்.

வெள்ளைக்கார மதர் எல்லாவற்றுக்கும் சுத்தம், சுத்தம் என்று சொல்வாராம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லியிருப்பார், வேறு என்ன? எங்கள் பெண்கள் தங்களுக்குத் தெரிந்த சுத்தத்தை அதில் சேர்த்துக்கொண்டார்கள். வீட்டு விலக்கான பெண் அடுப்புப் பக்கம் வரக் கூடாது. வெளியே உட்கார்ந்து பழம் நறுக்கலாம், துடுப்பைத் தொடக் கூடாது. ஊறுகாய்க்கும் வடகத்துக்கும் இருந்த சட்டம், ஜெல்லிக்கும் வந்துவிட்டது. கொட்டகைக்கு மேஸ்திரி மாதிரி இருந்தவள் உபதேசியாரின் மனைவி. சாமியார் வராத நாட்களில் உபதேசியார் ஊருக்கு ஜெபம் சொல்லிக் கொடுப்பார். அவருக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்றால், வீட்டில் இந்த அம்மாள்தான் என்பார்கள்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அப்பாவின் கடைசித் தங்கை. எங்கள் வீட்டில்தான் இருந்தாள். எனக்கும் அவளுக்கும் பத்துப் பன்னிரண்டு வயது வித்தியாசம் இருக்கும். கோயில் பாட்டுக் குழுவில் முன்வரிசைக் குரல். ஆனால் ஜெபத்தின் நடுவில் சிரிப்பு வந்துவிட்டால் அவளால் அடக்க முடியாது. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டு குலுங்குவாள். பக்கத்தில் இருக்கும் எனக்கும் தொற்றிவிடும். அடி மட்டும் எனக்கு விழும். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏய் கழுதை"தான். அந்தக் கழுதையில் இருந்த வாஞ்சை வேறு எந்தப் பெயரிலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அந்த வருடம் அத்தைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை நார்த்தாமலைப் பக்கம். வாத்தியார் டிரெயினிங் முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தார். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்கப் போகிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். முதல் ஓலை வாசித்த அன்று அத்தை சிரிக்கவில்லை. முக்காட்டைக் கண் வரை இழுத்து விட்டுக்கொண்டு, என் விரல்களை நொறுங்குகிற மாதிரிப் பிடித்திருந்தாள். வெளியே வந்ததும், "ஏய் கழுதை, என் பேரு எம்புட்டு அழகா இருக்குல்ல? இத்தனை நாளு எனக்கே தெரியல" என்றாள்.

அந்தப் பருவத்தில்தான் ஜெல்லி இறுகாமல் போனது.

காரணத்தை இப்போது அடுக்கிச் சொல்ல முடிகிறது. சீனிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். பழத்தைப் பறித்து வைத்துவிட்டார்கள், சீனி வரவில்லை. இன்று வரும் நாளை வரும் என்று கூடை கூடையாகப் பழம் கொட்டகையில் கிடந்தது. தோல் மஞ்சளாகி, பிறகு குழைந்து, தொட்டால் விரல் உள்ளே போனது. ஊரே மணத்தது. பழ ஈ மொய்த்தது. கடைசியில் சீனி வந்ததும் அவசர அவசரமாகக் கிண்டினார்கள். மறுநாள் பார்த்தால் பாட்டில் பாட்டிலாகப் பாகு. எவ்வளவு காய்ச்சினாலும் கம்பி பதம் வந்ததே ஒழிய, கட்டி ஆகவில்லை. திரும்ப அண்டாவில் ஊற்றிக் காய்ச்சினார்கள். தீய்ந்துபோனது.

வெள்ளைக்கார மதர் இருந்தபோது பறிக்கிற இடத்தில் தானே நின்று, இது வேண்டும், அது வேண்டாம் என்று கையைக் காட்டுவாராம். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டாலும் சொல்லும் அளவு அவருக்குத் தமிழ் வராது. அவர் போன பிறகும் கிளிக்கும் அணிலுக்கும் பயந்து, பழம் பழுக்கும் முன்பே செங்காயாகப் பறித்து வந்தார்கள். அத்தனை வருடமும் ஜெல்லி இறுகியது கிளிகளின் புண்ணியம். எங்கள் ஊர் அதைத் தன்னுடைய சுத்தம் என்று நினைத்துக்கொண்டது.

"எத்தனை வருசமாக் கிண்டுறோம், ஒருநாளாச்சும் இப்படித் தண்ணியா நின்னுருக்கா?" என்றாள் உபதேசியார் மனைவி. "சீனியும் நல்ல சீனி. அடுப்பும் அதே அடுப்பு. ஆளுதான் சரியில்ல."

"எவளும் விலக்கோட கிண்டிருப்பாளோ?" என்று ஒருத்தி கேட்டாள்.

"அந்தத் தீட்டுன்னா நாலு நாளுல போயிருமேடி. இது போகவே மாட்டேங்குதே. இது அது இல்ல."

பழம் நறுக்கிக்கொண்டிருந்த அரிவாள்மனைகள் அப்படியே நின்றன. எனக்குப் புரியவில்லை. பெரியவர்கள் எல்லோருக்கும் புரிந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. கல்யாணமாகாத பெண் எவளோ வயிற்றில் வாங்கிக்கொண்டு மாதாவின் அடுப்பைத் தொட்டிருக்கிறாள் என்பதுதான் அந்த அம்மாள் சொன்னது. அதற்கு அவளே ஒரு வழியும் சொன்னாள். துடுப்புப் பிடிக்கிற கல்யாணமாகாத பெண்கள் நாலு பேர். நாலு பேரும் ஆளுக்கொரு சட்டி தனித்தனியாகக் கிண்டட்டும். மாதா காட்டிக் கொடுத்துவிடுவாள்.

நாலு பெண்களில் மூன்று பேர் முகம் செத்துப்போனது. அத்தை மட்டும் சிரித்தாள்.

"எட்டாங்கிளாஸ் பரீட்சையிலயே தேறாதவ நான். ஜெல்லிப் பரீட்சையிலயா தேறப்போறேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். உபதேசியார் மனைவிகூடச் சிரித்தாள். பிற்பாடு, அன்றைக்கே அவள் வாயாலே சொன்னாளே என்று அந்தச் சிரிப்பையும் சாட்சியில் சேர்த்துக்கொண்டார்கள்.

கொட்டகையில் கிடந்த பழம் அநேகமாக அழுகிவிட்டதால், அன்று காலை மரத்திலிருந்து புதிதாகப் பறித்து வந்தார்கள். எல்லாம் கல் மாதிரிச் செங்காய். பழைய கூடையிலிருந்து அழுகாமல் மிஞ்சியதையும் மேலே கொட்டினார்கள். நாலு பங்காகப் பிரிக்கும் வேலை என் அம்மாவுக்கு வந்தது. அத்தைக்கு அண்ணன் பெண்டாட்டி என்றாலும் அம்மா அவளைத் தன் கூடப் பிறந்தவளாகத்தான் நினைத்தாள். ஒவ்வொரு பழமாக எடுத்து மோந்து பார்த்தாள். மஞ்சள் தட்டியது, மெத்தென்றது, வாசம் தூக்கலாக இருந்தது, உள்ளே சிவப்பாக இருக்கும் என்று தோன்றியது எல்லாம் அத்தையின் பங்குக்குப் போனது.

"மதினி, எல்லாம் எனக்கே போடுறீங்க. அவளுக பாவம், காயத்தான் நறுக்கணும்" என்றாள் அத்தை.

"நீ சும்மா இரு. கல்யாணப் பொண்ணுக்கு நல்ல பழமாப் போட்டா யாரு என்ன சொல்லப் போறா?"

இன்னொரு பெண், "எங்களுக்கு வெறுங்காயா?" என்று முனகினாள். அதற்கும் ஒரு சிரிப்பு.

நாலு மூட்டையும் ராத்திரி சொட்டின. மறுநாள் மத்தியானம் நாலு அடுப்பில் நாலு சட்டி. அத்தையின் சட்டியிலிருந்துதான் வாசம் வந்தது. மற்றதில் துவர்ப்பு நெடி. ஊற்றி முடித்ததும் அத்தை துடுப்பை என்னிடம் நீட்டினாள். நக்கினேன். அதற்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு ருசியை நான் அறிந்ததில்லை. பழத்தின் உயிரே நாக்கில் இறங்கியது. "எப்படி இருக்கு?" என்று கேட்டாள். "நீங்கதான் பஸ்ட்டு" என்றேன்.

காலைப் பூசை முடிந்து எல்லோரும் கொட்டகைக்கு வந்தார்கள். உபதேசியார் மனைவி ஒவ்வொரு பாட்டிலாக எடுத்துச் சாய்த்தாள். முதல் பாட்டில் அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மூன்றாவதைத் தலைகீழாகவே கவிழ்த்தாள், அப்படியே நின்றது. அத்தையின் பாட்டிலைச் சாய்த்ததும் சிவப்பாக ஓடி வாய்ப் பக்கம் வந்து, அவள் முழங்கையில் வழிந்தது.

உபதேசியார் மனைவி சிலுவை போட்டுக்கொண்டாள். மற்ற மூன்று பெண்களும் அத்தையை விட்டு ஒரு அடி தள்ளி நின்றார்கள். நேற்று வரை அவளோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள்.

அம்மாதான் அழுதாள். "நல்ல பழமாப் பாத்துப் பாத்துப் பொறுக்கிக் குடுத்தேனே. இருந்ததுலயே நல்ல பழமாக் குடுத்தேனே" என்று மார்பில் அடித்துக்கொண்டாள்.

"கேட்டீங்களா?" என்றாள் உபதேசியார் மனைவி. "பழத்து மேல குத்தம் சொல்லக்கூட வழியில்ல."

அத்தையின் பாட்டிலைக் கொட்டகைக்குப் பின்னால் ஒரு கொய்யாத் தூரில் ஊற்றினார்கள். எறும்புக்கு என்ன தெரியும், வரிசை கட்டி வந்தது. அதன் பிறகு செய்ததெல்லாம் அந்தந்த நாள் பறித்த செங்காய். எல்லாம் கெட்டியாக இறுகின. அவள் அடுப்பை விட்டுப் போனதும் இறுகிவிட்டது பார் என்று ஊர் தன் தீர்ப்பைத் தானே சரிபார்த்துக்கொண்டது.

அப்பாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "சட்டியப் பாத்து வயித்துல புள்ளை இருக்குன்னு சொல்றாளுகளா? நான் டாக்டர்கிட்டக் காட்டி வாங்கிட்டு வாரேன்" என்று அத்தையைப் புதுக்கோட்டைக்குக் கூட்டிப் போனார். சாயங்காலம் திரும்பினார்கள். அத்தைக்கு ஒன்றும் இல்லை, ரத்தம்தான் கம்மி என்று டாக்டர் ஒரு டானிக் எழுதிக் கொடுத்திருந்தார். அப்பா அந்த டானிக் பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார். பார்த்தவர்களிடமெல்லாம் நிறுத்திச் சொன்னார். அவர் மனதில் அதோடு பிரச்சினை தீர்ந்தது.

தெரு வேறு மாதிரிச் சொன்னது. "ஒண்ணும் இல்லாமலா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு? போறப்ப இருந்துருக்கும். வாரப்ப இல்ல."

அப்பாவைப் போல நல்ல மனிதர் செய்யக்கூடிய தவறு அது. குற்றம் இல்லை என்று நிரூபிக்கப் போனாலே குற்றம் இருந்தது என்று ஆகிவிடும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்த டானிக் பாட்டில் திறக்கப்படாமல் எங்கள் வீட்டு மாடத்தில் ரொம்ப நாள் இருந்தது. அதன் மேல் படிந்த தூசியைக்கூட யாரும் துடைத்ததில்லை.

அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலை. பாட்டுக் குழுவில் நிற்க வேண்டாம் என்று சொல்லிவிட்டதால் அத்தை என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் பெயரை வாசித்தார். தாளை மடித்தார். கொஞ்சம் நிறுத்தினார். அந்த நிறுத்தத்தில் அத்தை நிமிர்ந்து பார்த்தாள். சாமியார் விசுவாசப் பிரமாணத்தைத் தொடங்கிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் முந்தின நாளே வந்து, கொஞ்சம் பொறுத்துக்கொள்வோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். சாமியார் படித்தவர். ஜெல்லிச் சோதனையை அவர் நம்பியிருக்க மாட்டார். ஊர் அமைதியாக இருக்கட்டும் என்று நினைத்திருப்பார். அமைதியாகத்தான் இருந்தது, என்னுடைய அத்தையைத் தவிர எல்லோருக்கும்.

பொறுத்துக்கொள்வோம் என்றவர்கள் அப்புறம் வரவே இல்லை. தவக்காலம் தொடங்குவதற்குள் அத்தையை ஜெகதாப்பட்டினத்தில் அப்பாவுக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு பெரியம்மா வீட்டுக்கு அனுப்ப முடிவானது. கண்ணில் படாமல் இருந்தால் பேச்சு அடங்கும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார் அப்பா. புறப்படும் முன் அத்தை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். வெகுநேரம் மண்டியிட்டிருந்தாள். எதைச் சொல்வதற்கு இவ்வளவு நேரம் என்று வெளியே வரிசையில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கல்யாணத்துக்காக வாங்கிய டிரங்குப் பெட்டியோடுதான் பஸ் ஏறினாள். மூடியில் ரோஜாப் பூ வரைந்த பச்சைப் பெட்டி. நான் ஏங்கி ஏங்கி அழுதேன்.

"அழாதடி கழுதை. நான் என்ன சாகவா போறேன்? மீனு திங்கப் போறேன்."

பிறகு பார்க்கலாம் என்ற அந்தப் பிறகு வரவில்லை. பெரியம்மா செத்த பிறகும் அத்தை அங்கேயே தங்கிவிட்டாள். கருவாடு காய வைத்தாள், இறால் தலை கிள்ளினாள், பிறகு ஐஸ் பிளாண்டில் கூட்டிப் பெருக்கினாள். எங்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, இருட்டும் முன் பஸ் பிடித்துவிடுவாள். சிரிப்பு எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. கொட்டகை ஒரு மழையில் இடிந்தது. அண்டாவும் துடுப்பும் போன இடம் தெரியாது. உபதேசியார் மனைவி நிறைந்த வயதில், நல்ல சாவாகச் செத்தாள். அதுவும் எனக்குக் கோபம்தான்.

அம்மா கடைசி வரை கொய்யாப்பழம் தின்னவில்லை. சாகும் வருடத்தில்கூட, "நான் பாத்துப் பொறுக்குன பழம்டி அது. அதுல கோளாறே இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அத்தை மேல் அவளுக்குப் பாசம் குறையவில்லை. ஆனால் நம்பிக்கை போய்விட்டது. பழத்தில் கோளாறில்லை என்றால் வேறு எதில் என்று அவளுக்குள் ஒரு முடிச்சு இருந்தது. அதை அவள் அவிழ்க்காமலே போய்ச் சேர்ந்தாள்.

சென்ற வருடம் எங்கள் மகளிர் குழுவைப் புதுக்கோட்டையில் ஒரு நாள் பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். பழத்தில் ஜாம், ஜெல்லி, ஸ்குவாஷ். மத்தியானம் சாப்பாடும் ஒரு பையும் உண்டு என்றதால் போனேன். பயிற்சி கொடுத்தது என் மகள் வயதுப் பெண். மேஜை மேல் இரண்டு கண்ணாடித் தம்ளர் வைத்தாள். ஒன்றில் செங்காய்க் கொய்யாச் சாறு. இன்னொன்றில் நன்றாகப் பழுத்த கொய்யாச் சாறு. இரண்டிலும், ஊசி போடும் முன் தடவுவார்களே, அந்த ஸ்பிரிட்டை ஊற்றினாள். சற்று நேரம் விட்டாள். முதல் தம்ளரில் இருந்தது ஒரே கட்டியாகத் திரண்டது. முள்கரண்டியால் குத்தித் தூக்கிக் காட்டினாள். இரண்டாவதில் நூல் நூலாக ஏதோ மிதந்தது, அவ்வளவுதான்.

"இதுக்குப் பேரு பெக்டின். பழத்துக்குள்ளயே இருக்கும். இதுதான் ஜெல்லியை இறுக வைக்குது. செங்காயில நெறைய இருக்கும். பழுக்கப் பழுக்க ஒடைஞ்சு போயிரும். அதனால ஜெல்லிக்கு ரொம்ப நல்ல பழமா எடுக்காதீங்க. எடுத்தீங்கன்னா இறுகாது."

நான் எழுந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று எனக்கே தெரியவில்லை.

"பழுத்த பழமா இருந்தா யாரு கிண்டினாலும் இறுகாதா?"

அந்தப் பெண் சிரித்தாள். "யாரு கிண்டினா என்னம்மா? ஜெல்லிக்கு ஆளத் தெரியுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்தேன். சாப்பாட்டுக்குப் போகவில்லை. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, என் அம்மாவை நினைத்து அழுதேன். இருந்ததிலேயே நல்ல பழமாகப் பொறுக்கிக் கொடுத்தாள். ஒன்றிரண்டு காயையாவது சேர்த்துப் போட்டிருக்கக் கூடாதா? அவளுக்கு அத்தையின் மேல் அவ்வளவு பிரியம் இல்லாமல் இருந்திருந்தால் அத்தை பிழைத்திருப்பாள்.

வீட்டுக்கு வந்து செங்காயாக வாங்கி, வேட்டித் துணியில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு பாட்டில் செய்தேன். மேலே மெழுகும் உருக்கி ஊற்றினேன். கல் மாதிரி இறுகியது. அதை எடுத்துக்கொண்டு ஜெகதாப்பட்டினம் பஸ் ஏறினேன்.

ஐஸ் பிளாண்டுக்குப் பின்னால் ஒற்றை அறை. போட்டுகள் எதுவும் போகவில்லை. இலங்கை நேவி பிடித்துக்கொண்டு போன ஆட்களை விடவில்லை என்று துறைமுகமே கம்மென்று கிடந்தது. ஐஸ் உடைக்கும் சத்தமும் இல்லை. அத்தை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கை விரல்கள் ஈரத்திலேயே கிடந்து வெளுத்து, நகமெல்லாம் சொத்தையாகியிருந்தன. கட்டிலுக்கு அடியில் அந்தப் பச்சைப் பெட்டி. ரோஜாப் பூ இருந்த இடத்தில் துருதான் இருந்தது.

பாட்டிலை அவள் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொன்னேன். தம்ளர், ஸ்பிரிட், திரண்ட கட்டி, செங்காய், பழம். எனக்குத் தெரிந்த மாதிரி இரண்டு தடவை சொன்னேன். அவள் பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு தலைகீழாகக் கவிழ்த்தாள். விழவில்லை.

"அப்ப மதினி குடுத்தது நல்ல பழந்தானே?"

"நல்ல பழந்தான் அயித்தை. அதுதான் கோளாறு."

"மதினிக்கு இது தெரியுமா?"

"தெரியாது. அதுக்கு முன்னாடியே அம்மா போயிருச்சே."

"நல்லது" என்றாள். "தெரிஞ்சிருந்தா அன்னைக்கே செத்துருக்கும்."

பாட்டிலை மடியில் வைத்து, மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"அவரு வந்தாருடி" என்றாள்.

"யாரு?"

"வாத்தியாரு. மறு வருசம். நல்ல மழை. எறாலு கிள்ளுற கொட்டகை வாசல்ல கொடையப் புடிச்சுக்கிட்டு நின்னாரு. வேலை கெடைச்சிருச்சு, வீட்டுல என்ன வேணாலும் சொல்லட்டும், நீ கெளம்பி வா, வேற ஊருல போயி ஓலை குடுப்போம்னாரு."

அரை நூற்றாண்டாக எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத செய்தி அது. "நீங்க என்ன சொன்னீங்க?" என்றேன்.

"போயிருங்கன்னேன். இனி வராதீங்கன்னேன்."

"ஏன் அயித்தை?"

"மாதா காட்டிக் குடுத்துட்டான்னு சொன்னாங்களேடி. நான் ஒரு தப்பும் செய்யல. ஆனா செய்யாமலா இறுகாமப் போச்சுன்னு எனக்கே ஒரு இது. நிச்சயத்தன்னைக்குப் பந்தியில அவரு தண்ணி ஊத்தினாரு. வெரலு பட்டுச்சு. ராத்திரியெல்லாம் அதையே நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். அதுதான் பாவம்போலன்னு சாமியார்கிட்டச் சொல்லி அழுதேன். எனக்குள்ள என்னமோ இருக்கு, தொட்டதெல்லாம் தண்ணியாப் போகுது, அவரு குடும்பமும் போயிரக் கூடாதுன்னு..." நிறுத்தினாள். "கொடைய என்கிட்டயே குடுத்துட்டு நனைஞ்சுக்கிட்டே போனாரு."

"இப்ப எங்க இருக்காரு?"

"கொரோனாவுல போயிட்டாருன்னு கேள்வி."

நான் அவள் கையைப் பிடித்தேன். ஐஸில் கிடந்த கை இன்னும் குளிர்ந்துதான் இருந்தது. ஊர் மேல் வந்த கோபம், அம்மா மேல் வந்த இரக்கம், எல்லாம் போய், இதைச் சொல்லாமலே இருந்திருக்கலாமோ என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியது.

கிளம்பும்போது அத்தை பாட்டிலைத் திரும்ப என் பையில் வைத்தாள்.

"ஒரு வாயாச்சும் சாப்பிட்டுப் பாருங்க அயித்தை."

"வேணாம்டி கழுதை. கொண்டு போயிரு. இங்க இருந்தா தெனம் அதப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன்."

அறந்தாங்கியில் பஸ் மாறி வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். நேராகச் சமையலறைக்குப் போனேன். மெழுகைப் பெயர்த்து எடுத்துவிட்டு, தொட்டியில் பாட்டிலைக் கவிழ்த்தேன். விழவில்லை. தட்டினேன், உதறினேன், விழவில்லை. கடைசியில் கரண்டியை விட்டுத் தோண்டித் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.